வல்வா: யோனியும் அல்ல, கருப்பை வாயும் அல்ல

போன வாரம் சரிபார்க்கச் சொல்லி ஒரு விழிப்புணர்வுத் துண்டறிக்கை வந்தது. திரும்பவும் அதே ‘யோனிப் புற்றுநோய்’. ஆங்கில மூலத்தில் இருந்ததோ வல்வா (vulva) புற்றுநோய்.

வல்வா லத்தீன் சொல். பழைய லத்தீனில் கருப்பையைக் குறித்தது. இன்றைய மருத்துவத்தில் வெளியே தெரிகிற பகுதி மட்டும்தான்: பெரிய இதழ்கள், சிறிய இதழ்கள், கிளிட்டோரிஸ், சிறுநீர்த் துவாரம் இருக்கும் வாசல். அங்கிருந்து உள்ளே போகிற குழாய் வஜைனா, லத்தீனில் வாளுறை. சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

யோனி வடசொல் என்பதல்ல என் சண்டை. யோனிப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்கிற ஊரில் அதற்கென்ன கூச்சம்? ஆனால் அந்தச் சொல்லை வஜைனாவுக்குக் கொடுத்தாயிற்று. வஜைனாவில் வரும் புற்றுநோய் வேறு, இதைவிட அரிது. வல்வாவில் வருவது பெரும்பாலும் தோல் போன்ற மேற்பரப்பில், வயதான பெண்களுக்கு: விடாத அரிப்பு, வெள்ளைத் திட்டு, ஆறாத புண். ‘யோனி’ என்று படிக்கும் அம்மா, உள்ளே ஒன்றுமில்லையே என்று அரிப்புக்கு ஆயின்மென்ட் வாங்கிப் போடுவார். ‘கர்ப்பப்பையே எடுத்தாச்சு, எனக்கென்ன’ என்பவரும் உண்டு. பாப் பரிசோதனை கருப்பை வாய்க்கானது. அதை நம்பி இதை விட்டுவிட முடியாது. கண்ணால் பார்த்து, சந்தேகமான இடத்தில் துணுக்கு எடுத்து பயாப்சி செய்தால்தான் தெரியும்.

‘பிறப்புறுப்பு’ என்று நழுவுகிறவர்கள் சூலகம் வரை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் ‘அல்குல்’ என்பார்கள். தேர்த்தட்டுக்கும் பாம்பின் படத்துக்கும் ஒப்பிடப்பட்ட சொல். இடுப்பா, அடிவயிறா, இன்னும் கீழா என்ற வழக்கே தீரவில்லை. அதை பயாப்சி சீட்டில் எழுதினால் யாருக்குப் புரியும்?

என் சொல் ‘பெண்குறி’. குறி என்றால் அடையாளம், வெளியே தெரிவது. முதல் முறை வரும்போது ‘கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும் பகுதி’ என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

அதே தாளில் சிகிச்சைப் பகுதி இன்னும் மோசம். விஷயம் இதுதான்: கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு வெட்டி எடுப்பார்கள். நோய் முதலில் பரவுவது தொடையிடுக்கு நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு. கட்டி சிறியதாக இருந்தால், முதலில் பரவக்கூடிய காவல் நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம், கால் வீக்கத் தொல்லை குறையும். முற்றியதற்குக் கதிர்வீச்சும் கூடவே சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும். இதில் காவல் நெறியை (sentinel node) ‘காவலாளி முனை’ என்று எழுதியிருந்தார் மொழிபெயர்ப்பாளர். ‘நெறி கட்டியிருக்கு’ என்று வீட்டில் சொல்வதை அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லையா?

திருத்தி அனுப்பினேன். ‘பெண்குறி கொச்சையாகத் தெரிகிறது, யோனியே இருக்கட்டும்’ என்று பதில் வந்தது. அடுத்த பக்கத்தில் ‘ஆண்குறிப் புற்றுநோய்’ என்று தடித்த எழுத்தில் தலைப்பு.