கொம்பில்லாத மான் எல்லாம் பெண்மான் இல்ல

அமெரிக்காவுல நவம்பர் மாசம், பொழுது சாயற நேரம். மரத்துல கட்டின பரண் மேல ஒரு வேட்டைக்காரர் உட்கார்ந்திருக்கார். கீழ காட்டு ஓரத்துலேருந்து ஒரு வெள்ளைவால் மான் தனியா வெளிய வருது, தலையில கொம்பு இல்ல, அவர் கையில இருக்கறதும் கொம்பில்லா மானுக்கான பர்மிட்தான். சட்டப்படி சுடலாம். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க அந்த மானை விட்டுடுவாங்க. ஏன்னா இப்படி தயங்காம, தனியா, முதல்ல திறந்தவெளிக்கு வர்ற கொம்பில்லா மான் நிறைய தடவை பெண்மானே கிடையாது, ஆறு மாச ஆண்குட்டி. வளர்ந்த பெண்மான் அப்படி வராது, மர நிழல்லயே நின்னு காத்துல மோப்பம் பிடிச்சு, காதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டுதான் காலை எடுத்து வைக்கும்.

பெண்மானை ஏன் சுடணும்ங்கறதே நிறைய பேருக்கு நெருடும், அமெரிக்காவுலயே ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. கண்டபடி சுட்டு கறியும் தோலும் வித்ததுல 1900 வாக்குல நாடு முழுக்க சில லட்சம் மான்தான் மிஞ்சியிருந்தது. அப்புறம் பல மாநிலங்கள்ல ஆண்மானை மட்டும்தான் சுடலாம்னு சட்டம் போட்டாங்க, அது நல்லாவே வேலை செஞ்சது, இன்னிக்கு சுமார் 3 கோடி வெள்ளைவால் மான் இருக்கு. ஆனா கூட்டம் பெருகின பிறகும் பெண்மானைத் தொடக்கூடாதுங்கற எண்ணம் மட்டும் போகல. 1943-ல விஸ்கான்சின்ல கொம்பில்லா மானையும் சுடலாம்னு சீசன் திறந்தப்போ மக்கள் அதுக்கு வச்ச பேரே ‘43-ன் குற்றம்’. அந்த முடிவுக்கு ஆதரவா நின்ன காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்டை பத்திரிகையில கிழிச்சாங்க. காட்டுல குளிர்காலத்துல மான் பட்டினியில சாகுது, மரக்கன்னு எதுவும் தலை தூக்க முடியலன்னு அவர் சொன்னதை அப்போ கேட்க ஆளில்ல.

கணக்கு இதுதான். ஒரு ஆண்மான் ஒரே சீசன்ல பல பெண்மானோட சேரும், அதனால ஆண்ல பாதிய சுட்டாலும் மீதி இருக்கறது கிட்டத்தட்ட எல்லா பெண்மானையும் சினையாக்கிடும், அடுத்த ஜூன்ல பிறக்கற குட்டி எண்ணிக்கை பெருசா குறையாது. பெண்மான் வயித்துல குட்டி சுமார் 200 நாள் இருக்கும், நல்லா தீனி கிடைக்கற வளர்ந்த பெண்மான் பெரும்பாலும் ரெட்டைக்குட்டி போடும். மிச்சிகன்ல ஜார்ஜ் ரிசர்வ்னு வேலி போட்ட ஒரு இடம் இருக்கு, சுமார் 460 ஹெக்டேர். 1928-ல அங்க 4 பெண், 2 ஆண், மொத்தம் 6 மானை விட்டாங்க. 1933 டிசம்பர்ல ஆள் வச்சு விரட்டி எண்ணிப் பார்த்தா 160! ஆறு வருஷம்கூட முழுசா ஆகல.

இதுல இன்னொரு சூட்சுமமும் இருக்கு. கூட்டம் நெருக்கமா இருந்தா தீனி பத்தாம ரெண்டு குட்டிக்குப் பதிலா ஒண்ணுதான் பிறக்கும், பிறந்ததும் நோஞ்சானா இருக்கும். அதே இடத்துல கொஞ்சம் மானை எடுத்துட்டா மிச்சத்துக்கு வயிறு நிறையும், திரும்ப ரெட்டைக்குட்டி. மக்காச்சோளம் விளையற பகுதிகள்ல ஜூன்ல பிறந்த பெண்குட்டியே ஆறேழு மாசத்துல, அதாவது அதே குளிர்காலத்துல சினை பிடிச்சிடும். அதனால பேருக்கு நாலு பெண்மானை சுட்டா கூட்டம் குறையாது, போன இடத்தைப் புதுக்குட்டிங்க வந்து நிரப்பிடும். அதனாலதான் எந்த மானை சுடறதுங்கற கேள்விக்கு முன்னாடி எத்தனைங்கற கேள்வி வருது. அந்த எண்ணிக்கைய எட்டணும்னா குடுக்கற ஒவ்வொரு பர்மிட்டும் நிஜமாவே குட்டி போடற மான் மேல செலவாகணும், ஆண்குட்டி மேல போச்சுன்னா ஒரு உயிரும் போச்சு, அடுத்த வருஷப் பிறப்புல ஒண்ணும் குறையவும் இல்ல.

சரி, எப்படி கண்டுபிடிக்கறது? பைனாகுலர்ல முதல்ல மூஞ்சியப் பாருங்க. குட்டிக்கு மூக்கு குட்டையா இருக்கும், காது ரெண்டும் தலைக்குப் பொருந்தாத அளவு பெருசா தெரியும். தாய்மானுக்கு முகம் நீளம், கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவுல நல்ல தூரம். பக்கவாட்டுல நின்னா குட்டி உடம்பு கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், வளர்ந்ததுக்கு நீள்சதுரம், கழுத்தும் நீளம். இதெல்லாம் பக்கத்துல இன்னொரு மான் இருந்தாதான் சரியா புரியும், தனியா நிக்கற மானோட உருவத்தை வெச்சு அளவு சொல்றது ரொம்ப கஷ்டம், மங்கின வெளிச்சத்துல சுத்தமா முடியாது. குட்டின்னு தெரிஞ்சாலும் ஆணா பெண்ணான்னு பார்க்க உச்சந்தலையப் பாருங்க. ரெண்டு காதுக்கும் நடுவுல பெண்ணுக்கு மண்டை லேசா உருண்டு மேடா இருக்கும், ஆணுக்கு தட்டையா இருக்கும், அந்த தட்டையோட ரெண்டு ஓரத்துலயும் தோலுக்கு அடியில கொம்பு முளைக்கப்போற இடம் பொத்தான் மாதிரி புடைச்சு நிக்கும். அதனாலதான் அங்க இதுக்கு ‘பட்டன் பக்’னு பேரு.

வளர்ந்த பெண்மான்லயே எதை எடுக்கறதுன்னு கேட்டா வேட்டைக்காரங்க பலர் சொல்றது, குட்டியோட வராத கிழட்டு மானை எடு, அது மலடு. இது தப்பு. வெள்ளைவால் பெண்மான் பத்து வயசு தாண்டியும் குட்டி போடும், மலடுங்கறது ரொம்ப அபூர்வம். குட்டியில்லாம வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் குட்டிய கொயோட்டியோ (நரி மாதிரி இருக்கற ஒரு காட்டு நாய்) கரடியோ தூக்கிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். சொல்லப்போனா வயசான தாய்தான் நல்ல மறைவான இடத்தைப் பிடிச்சு அனுபவத்தோட குட்டிய காப்பாத்தும், முதல் பிரசவத்து மானுக்கு பெரும்பாலும் ஒத்தைக்குட்டிதான், அதுவும் தங்கறது கஷ்டம். அப்போ கூட்டத்தைக் குறைக்கணும்னா ரெண்டரை வயசுக்கு மேல உள்ள பெண்மானை எடுக்கணும், கூட்டம் அளவா இருக்கு, இப்படியே இருந்தா போதும்னா இளசுகளை எடுத்துட்டு அனுபவசாலித் தாய்களை விட்டுடணும். ஒரே கேள்விக்கு நிலத்தைப் பொறுத்து ரெண்டு பதில்.

தாயை சுட்டா குட்டி என்னாகும்னு மனசு கேட்கும், கேட்கவும் வேணும். மே, ஜூன்ல பிறந்த குட்டி இலையுதிர்காலத்துல பாலை நம்பி இல்ல, தானே மேய்ஞ்சுக்கும், தாயில்லாமலும் பிழைக்கும். இதுல ஆச்சரியமான ஒண்ணு, ஆண்குட்டிய ஒன்றரை வயசு வாக்குல தாயே விரட்டி விட்டுடும், அது கிலோமீட்டர் கணக்குல போய் வேற இடத்துல குடியேறும். வர்ஜீனியாவுல செஞ்ச ஆய்வுல தாயை இழந்த ஆண்குட்டிங்க அப்படி கிளம்பிப் போறது ரொம்பக் குறைஞ்சிருந்தது, விரட்ட ஆளில்லாம பிறந்த இடத்துலயே தங்கிடுச்சு. பெண்குட்டி எப்படியும் தாய், பாட்டி, சித்தி இருக்கற இடத்தை ஒட்டியேதான் வாழும்.

இந்த பெண்வழிக் குடும்பத்தை வெச்சு 1991-ல ஆய்வாளர் வில்லியம் போர்ட்டரும் கூட வேலை செஞ்சவங்களும் ஒரு கருத்து சொன்னாங்க. மகள்கள் தாயோட எல்லைய ஒட்டி ஒவ்வொரு இதழா ரோஜாப்பூ மாதிரி விரியறாங்க, அப்போ ஒரு குடும்பத்தையே மொத்தமா எடுத்துட்டா அந்த இடம் சில வருஷம் காலியா இருக்கும்னு. நியூயார்க் மாநிலத்து ஆடிராண்டாக் மலையில மான் அடர்த்தி குறைவு, அங்க இது பொருந்துச்சு. அக்கம்பக்கத்துல கூட்டம் நெரியற இடத்துல இந்த வெற்றிடம் அவ்வளவு நாள் தாங்கறதில்ல.

எப்போ சுடறதுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, சீசன் ஆரம்பத்துலயே. அப்போ குட்டிக்கும் தாய்க்கும் அளவு வித்தியாசம் பளிச்னு தெரியும், ஜனவரியில ரெண்டும் ஒண்ணு மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, குளிர்காலத்துக்கு முன்னாடியே வாய் எண்ணிக்கை குறைஞ்சா மிச்சமிருக்கற மானுக்கு தீனி மிஞ்சும்.

சுட்டது சரியான மானான்னு கடைசியா சொல்றது பல்லு. கீழ்த்தாடையில கடைவாய்ப் பல் வரிசைய எண்ணணும், ஆறு இல்லன்னா அது குட்டி. ஆறும் இருந்தா முன்னாலேருந்து மூணாவது பல்லைப் பார்க்கணும். அது மூணு மேடா தேஞ்சு போய் இருந்தா இன்னும் பால்பல்லுதான், ஒன்றரை வயசு. அந்த இடத்துல ரெண்டே மேட்டோட பல் இருந்தா ஒன்றரை வயசோ அதுக்கு மேலயோ, பக்கத்துப் பல்லைவிட வெள்ளையா புதுசா இருந்தா இப்பத்தான் மாறியிருக்கு. அப்புறம் மடியை அழுத்திப் பார்ப்பாங்க. நவம்பர்ல இன்னும் பால் வந்தா அதோட ஒரு குட்டியாவது இலையுதிர்காலம் வரைக்கும் உயிரோட இருந்திருக்குன்னு அர்த்தம். இப்படி நூத்துக்கணக்கான தாடையும் மடியும் பார்த்து எழுதி வெச்சதை வெச்சு, வயசுவாரியா எத்தனை, அதுல பால் இருந்தது எத்தனைன்னு கூட்டிப் பார்த்துதான் அந்த வட்டாரத்துல அடுத்த வருஷம் எத்தனை பெண்மான் பர்மிட் குடுக்கலாம்னு உயிரியலாளர் உட்கார்ந்து கணக்குப் போடுவார்.