அரை மூட்டை சோடா ஆஷ்: மோல் கணக்கைப் பழகுகிறவர்களுக்கு

ஸ்டோர் ரூமில் 35 லிட்டர் ஆசிட் கேன் ஒன்று கவிழ்ந்துவிட்டது. உள்ளே இருந்தது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 32 சதவீதம். பக்கத்திலேயே சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட், மூட்டை இருக்கிறது. எத்தனை கிலோ போடச் சொல்வீர்கள்?

எங்களிடம் வேலைக்கு வரும் பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கோவையில் எலக்ட்ரோபிளேட்டிங் (மின்சாரம் கொண்டு உலோகப் பூச்சு போடுவது) கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை எனக்கு. தாளும் கால்குலேட்டரும் கொடுத்துவிடுவேன். அமிலத்தின் அடர்த்தி லிட்டருக்கு 1.16 கிலோ என்றும் சொல்லிவிடுவேன். மோலார் நிறை, அதாவது ஒரு மோல் எத்தனை கிராம் என்பது, மறந்திருந்தால் அதையும் சொல்வேன். மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்வி இல்லை இது.

போன மாதம் வந்த தம்பி நல்ல மதிப்பெண் எடுத்தவர். சமன்பாட்டைச் சரியாக எழுதினார், சமன் செய்தார். ஒரு மோல் சோடியம் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கிடைப்பது இரண்டு மோல் உப்பு, ஒரு மோல் தண்ணீர், ஒரு மோல் கார்பன் டைஆக்சைடு. 35 லிட்டரை 1.16-ஆல் பெருக்கி 40.6 கிலோ, அதில் 32 சதவீதம் 13 கிலோ என்பது வரை ஒரு தவறும் இல்லை. அப்புறம் நிமிர்ந்து சொன்னார்: "ரெண்டு அமிலத்துக்கு ஒரு கார்பனேட். அதனால பாதி போதும். ஆறரை கிலோ, மேடம்."

சரியான விடை ஏறக்குறைய 19 கிலோ. ஆறரை கிலோவைப் போட்டால் நுரைத்துப் பொங்கும், அடங்கும். வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சிந்தியதில் மூன்றில் இரண்டு பங்கு அமிலம் தரையில் அப்படியே இருக்கும். அதைத்தான் அடுத்தவர் தண்ணீர் விட்டுச் சாக்கடைக்குத் தள்ளுவார்.

இந்தப் பிழையை அந்தத் தம்பி மட்டும் செய்யவில்லை. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் நடக்கின்றன. சமன்பாட்டில் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணை எடையோடு நேராகப் பெருக்கிவிடுகிறார்கள், அல்லது வகுத்துவிடுகிறார்கள். அந்த எண் தலைக்கணக்கு. எடைக்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது.

இதைப் புரியவைக்க நான் கரும்பலகைப் பக்கம் போவதில்லை, பட்டறைக்குள் கூட்டிப்போகிறேன். எங்களிடம் பிளேட்டிங்குக்கு வரும் போல்ட்டும் நட்டும் கிலோ கணக்கில்தான் வரும். ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டு என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ போல்ட் வந்திருக்கிறது. நட்டு எத்தனை கிலோ வேண்டும்? 200 கிலோ என்று பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு போல்ட்டை எடுத்துத் தராசில் வைப்பார்கள், 50 கிராம். அப்படியானால் 2,000 போல்ட். நட்டு 4,000. ஒரு நட்டு 12 கிராம். ஆக 48 கிலோ. எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போய், எண்ணிக்கையில் விகிதம் பார்த்து, மறுபடி எடைக்கு வர வேண்டும். மோல் கணக்கும் இந்த மூன்று அடிதான். அணுவையும் மூலக்கூறையும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் 6.022 × 10²³ என்ற பெரிய கட்டாகக் கட்டி எண்ணுகிறோம். அந்தக் கட்டின் பெயர் மோல், அவ்வளவே.

சரி, கேனுக்கு வருவோம். 13 கிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பது 13,000 கிராம். மோலார் நிறை 36.5. வகுத்தால் 356 மோல். சோடியம் கார்பனேட் அதில் பாதி, 178 மோல். அதன் மோலார் நிறை 106. பெருக்கினால் 18.9 கிலோ. 50 கிலோ மூட்டையில் பாதிக்கும் குறைவு. பாதி என்று தம்பி சொன்னது தவறில்லை. அதை மோலில் சொல்லாமல் கிலோவில் சொன்னதுதான் தவறு.

விடை வந்ததும் ஒரு சரிபார்ப்பு செய்யுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. இடப்பக்கம் 106, இரண்டு முறை 36.5, ஆக 179. வலப்பக்கம் இரண்டு முறை 58.5, அதோடு 18, 44, அதுவும் 179. இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால் சமன்பாட்டிலோ மோலார் நிறையிலோ கோளாறு. மேலே போகக் கூடாது.

என்னைப் பொறுத்தவரை கணக்கு இங்கேதான் சுவையாகிறது. வகுப்பில் விடை வந்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த 178 மோல் கார்பனேட் 178 மோல் கார்பன் டைஆக்சைடையும் வெளியே விடுகிறதே, அது எங்கே போகும்? 30 டிகிரியில் ஒரு மோல் வாயு சுமார் 24.9 லிட்டர் இடத்தை அடைக்கும். 178-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4,400 லிட்டர். பத்துக்குப் பத்து ஸ்டோர் ரூம், உயரமும் பத்து அடி என்றால் மொத்தக் கொள்ளளவு 28,000 லிட்டர் சொச்சம். கதவை மூடிக்கொண்டு வேலை செய்தால் அறைக் காற்றில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கார்பன் டைஆக்சைடு. பத்து சதவீதத்தைத் தாண்டினாலே ஆள் நினைவிழந்து விழலாம். போதாததற்கு அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குனிந்து சோடா ஆஷ் தூவுகிறவரின் முகம் அங்கேதான் இருக்கிறது. கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவச் சொல்வது எதற்காக என்பதைச் சமன்பாட்டின் வலப்பக்கம் சொல்லிவிடுகிறது.

சோடா ஆஷ் இல்லை, சமையல் சோடாதான் இருக்கிறது என்றால்? அது ஒன்றுக்கு ஒன்று. 356 மோல், மோலார் நிறை 84, ஆக 30 கிலோ. வாயு இரண்டு மடங்கு. நீற்றிய சுண்ணாம்பு? 178 மோல், 74-ஆல் பெருக்கினால் 13 கிலோ சொச்சம், வாயுவே வராது. 48 சதவீதக் காஸ்டிக் லையை (காஸ்டிக் சோடா கரைசல்) அப்படியே ஊற்றினால்? அளவு 30 கிலோதான், வாயுவும் இல்லை. ஆனால் வெப்பத்தைக் கணக்கிடுங்கள். அமிலமும் காரமும் ஒரு மோல் சேர்ந்தால் சுமார் 57 கிலோஜூல். 356 மோலுக்கு 20,000 கிலோஜூலைத் தாண்டும். 70 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோக அது போதும். இங்கே அமிலமும் லையும் சேர்ந்த எடையே 70 கிலோதான். முகத்தில் தெறிக்கும். அதனால்தான் செறிவான அமிலத்தோடு செறிவான காரத்தை நேராகச் சேர்க்கக் கூடாது என்கிறோம். ஒரே கேன், நான்கு வழிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு ஆபத்து. இந்த மாதிரி வினைகளின் அளவுக் கணக்குக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று பெயர். அந்தச் சொல்லை உண்டாக்கிய ஜெர்மானியர் ஜெரெமியாஸ் ரிக்டர், 1792-ல், இந்த மாதிரி அமில-கார நடுநிலையாக்கத்தின் எடைகளை அளந்துதான் அந்த வேலையைத் தொடங்கினார்.

இன்னொரு பிழை உண்டு. அது என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சின்ன பிளேட்டிங் யூனிட். 5,000 லிட்டர் தொட்டியில் குரோம் கழிவுநீர், அறுவலு குரோமியம் 80 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 80 மில்லிகிராம். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள், தண்ணீரில் கரைந்து எங்கும் போய்விடும். ராணிப்பேட்டையில் மண்ணும் நிலத்தடி நீரும் குரோமியத்தால் எப்படிக் கெட்டுப்போயின என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஃபெரஸ் சல்பேட் போட்டு அதை மூவலு குரோமியமாக ஒடுக்கி, பிறகு சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்க வேண்டும். ஒரு மோல் குரோமியத்துக்கு மூன்று மோல் ஃபெரஸ். தொட்டியில் குரோமியம் 400 கிராம், அதாவது 7.7 மோல். ஃபெரஸ் 23 மோல். மோலார் நிறை 152. மூன்றரை கிலோ போடச் சொன்னேன்.

கலக்கி முடித்த பிறகும் தண்ணீரில் மஞ்சள் போகவில்லை. ஒரு மாதிரி எடுத்து டைஃபினைல் கார்பசைடு சில துளிகள் விட்டேன். பளிச்சென்று ஊதா. அறுவலு குரோமியம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கணக்கை மூன்று முறை திரும்பப் போட்டும் மூன்றரை கிலோதான் வந்தது. அங்கே வெகுநாளாக வேலை பார்த்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் என்னை மூட்டைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் ஒரு பிடி அள்ளிக் காட்டினார். வெளிர் பச்சைப் படிகம், கையில் ஈரப்பசை. "இதுல தண்ணி கட்டியிருக்கும்மா" என்றார். அது ஹெப்டாஹைட்ரேட். ஒவ்வொரு ஃபெரஸ் சல்பேட்டோடும் ஏழு மூலக்கூறு தண்ணீர் சேர்ந்தே வருகிறது. மோலார் நிறை 278. போட்டிருக்க வேண்டியது 6.4 கிலோ. நான் போட்டது அதில் 55 சதவீதம்தான். சுமார் 36 பிபிஎம் மிச்சம். வெளியே விட அனுமதி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். சோதிக்காமல் திறந்துவிடுவதில்லை என்ற வழக்கம் அந்த யூனிட்டில் இருந்ததால் அன்று தொட்டி வெளியே போகவில்லை. அந்த ஊதா நிறம் மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

என் கணக்கில் எந்த அடியும் தப்பில்லை. தாளில் இருந்த பொருள் வேறு, மூட்டையில் இருந்த பொருள் வேறு. சோடா ஆஷிலும் இந்தப் பள்ளம் உண்டு. பத்து மூலக்கூறு தண்ணீரோடு வரும் வாஷிங் சோடா படிகத்தின் மோலார் நிறை 286. மேலே சொன்ன கேனுக்கு அது 51 கிலோ வேண்டும், ஒரு முழு மூட்டை. பெயர்ப்பலகையில் இரண்டுமே சோடியம் கார்பனேட்தான்.

அதே குரோமியத்தைச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கொண்டும் ஒடுக்கலாம். நான்கு மோல் குரோமியத்துக்கு மூன்று மோல் போதும். 100 கிராம் குரோமியத்துக்கு 275 கிராம் அளவுதான். ஃபெரஸ் என்றால் 1,600 கிராம், அதோடு இரும்பும் ஹைட்ராக்சைடாக விழுந்து ஸ்லட்ஜில் (அடியில் தங்கும் கசடு) சேரும். உலர் எடையில் ஃபெரஸ் வழியில் 800 கிராமுக்கு மேல், மெட்டாபைசல்ஃபைட் வழியில் 200 கிராம். ஸ்லட்ஜை அப்புறப்படுத்துவதற்கு எடைக்குத்தான் பணம் கட்டுகிறோம். ஃபெரஸ் விலை மலிவு என்று முடிவெடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கணக்கில் வருவது குறைந்தபட்ச அளவு. நடைமுறையில் அதற்கு மேல் கொஞ்சம் போடுவோம். எவ்வளவு மேலே என்பதை ஜார் டெஸ்ட்தான், அதாவது கழிவுநீரைச் சின்ன ஜாடிகளில் எடுத்து வெவ்வேறு அளவு போட்டுப் பார்ப்பதுதான், சொல்லும்.

வீட்டில் பழக நல்ல கணக்கு சமையல் கேஸ். முழுவதும் பியூட்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மோல் பியூட்டேனுக்கு 13 மோல் ஆக்சிஜன். எட்டு மோல் கார்பன் டைஆக்சைடு, பத்து மோல் தண்ணீர். 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து தீர்ந்தால் 43 கிலோ கார்பன் டைஆக்சைடு வரும். 14 கிலோவிலிருந்து 43 கிலோவா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. காற்றிலிருந்து 51 கிலோ ஆக்சிஜன் வந்து சேருவதைக் கணக்கில் எடுத்தால் புரிந்துவிடும்.

இங்கேயே லிமிட்டிங் ரீஏஜென்ட்டையும், அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருளையும், பார்த்துவிடலாம். திறந்த அடுப்பங்கரையில் முதலில் தீர்வது கேஸ். கதவு ஜன்னல் சாத்திய குளியலறையில் கேஸ் கீசர் ஓடினால் முதலில் குறைவது ஆக்சிஜன். அரை கிலோ கேஸ் முழுதாக எரிய 6.6 கன மீட்டர் காற்று வேண்டும். ஏழுக்கு ஐந்து அடி, எட்டடி உயரக் குளியலறையின் மொத்தக் காற்றே எட்டு கன மீட்டர்தான். ஆக்சிஜன் முழுதும் தீர வேண்டியதில்லை, குறையத் தொடங்கினாலே கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மலைப் பிரதேசத்துக்குப் போனால் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

பழகும் முறையைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது கணக்கு வேண்டாம், ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றை நான் கேனைச் சுற்றி வந்த மாதிரி சுற்றி வாருங்கள். எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள்: கிராமா, மோலா, லிட்டரா. எந்தப் பொருளின் கிராம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் விடை ஒரு கைப்பிடியா, ஒரு மூட்டையா, ஒரு லாரியா என்று குத்துமதிப்பாகச் சொல்லிப் பாருங்கள். நீட் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் விடைகளைக் கழித்துக்கட்டிச் சரியானதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தொட்டி முன்னால் நிற்கும்போது தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இருக்காது, வெறும் மூட்டைதான் இருக்கும்.

அந்தத் தம்பியை வேலைக்கு எடுத்துக்கொண்டோம். சேர்ந்து மூன்றாவது நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். 356, 178, 18.9 என்று அலகோடு வரிசையாக எழுதியிருந்தார். 18.9-க்கு அடியில் ஒரு கோடு. அதற்குக் கீழே ஒரு கேள்வி: "நம்ம ஸ்டோர்ல இருக்கற மூட்டை எந்த சோடா, மேடம்? லேபிள்ல எங்க பார்க்கணும்?"

இரண்டு பேரும் ஸ்டோருக்குப் போனோம்.