காவிக்கண்டைக் குடிக்க முடியுமா?

படுக்கையில் சாய்ந்தபடி சீமாட்டி காவிக்கண்டு அருந்துகிறாள். 1814-இல் லண்டனில் நடக்கிற ஒரு துப்பறியும் நாவலின் தமிழாக்கத்தில் இப்படி வருகிறது. ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். ஆற்றிக் குடிக்கிறாள், மேலாடையில் சிந்திக்கொள்கிறாள், கோப்பையின் அடியில் மிச்சம் வைக்கிறாள். நாவல் முழுக்கக் காவிக்கண்டு நீராகவே ஓடுகிறது. கண்டு எப்படி ஓடும் என்று மொழிபெயர்ப்பாளர் ஓர் இடத்திலாவது நின்று யோசித்திருக்கலாம். சாக்லேட்டுக்குத் 'தூய தமிழ்' என்று இந்தச் சொல் வாட்ஸ்அப் பட்டியல்களில் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தேன். இப்போது கொலைக் கதைக்குள்ளும் வந்து துப்பையே கெடுத்துவிட்டது.

சொல்லின் பிறப்பு பெரிய கதை, சுருக்கிச் சொல்கிறேன். மெக்சிகோவின் நாவாட்ல் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த சொல் சாக்லேட். முன்பாதிக்கு என்ன பொருள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. கசப்பு என்பார்கள், கடையும் கோல் என்பார்கள். பின்பாதியில் இருப்பது 'அட்ல்', அதாவது நீர் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அந்த மொழியைப் பேசிய ஆஸ்டெக் மக்கள் கொக்கோவை அரைத்து, நீரில் கரைத்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தார்கள். ஆக, பெயருக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. அதைக் கட்டியாக்கியது நம் பட்டியல்காரர்கள்.

லண்டனில் 1657-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் பிஷப்ஸ்கேட் பக்கம் சாக்லேட் விற்கத் தொடங்கினார். பிற்பாடு பிரபுக்களின் சூதாட்டக் கூடமாகப் பெயர் வாங்கிய வொயிட்ஸ் கிளப்பும் 1693-இல் சாக்லேட் கடையாகப் பிறந்ததுதான். இவை எல்லாம் குடிக்கிற சாக்லேட்டுக்கான கடைகள். கொக்கோவை அழுத்திக் கொழுப்பைப் பிரித்துத் தூளாக்கும் முறைக்கு ஹாலந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்றது 1828-இல். கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம் அச்சில் வார்த்தது 1847-இல். கதை நடக்கிற ரீஜென்சி காலம், அதாவது மன்னருக்குப் பதிலாக மகன் ஆண்ட காலம், 1811-இல் தொடங்கி 1820-இல் முடிந்துவிட்டது. நாவலின் சீமாட்டி சாக்லேட்டைக் கடிக்க வேண்டும் என்றால் இன்னும் முப்பது சொச்சம் வருடம் உயிரோடு இருந்தாக வேண்டும். அவளோ மூன்றாம் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறாள்.

அவள் குடித்தது எப்படி இருக்கும்? வறுத்து அரைத்த கொக்கோவைச் சர்க்கரையும் வாசனைப் பொருளும் சேர்த்து அடையாகத் தட்டி விற்பார்கள். காலையில் பணிப்பெண் அதைத் துருவிச் சுடுநீரிலோ பாலிலோ போடுவாள். அதற்கென்றே ஒரு கூஜா உண்டு. மூடியின் நடுவில் ஒரு துளை. துளை வழியாக மரக்கோலை இறக்கி, தண்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவாள், நம் வீட்டில் பருப்புக் கடைகிற மத்து மாதிரி. கொழுப்பைப் பிரிக்கும் முறை அப்போது இல்லை என்பதால் விட்டால் நெய் மேலே மிதக்கும், மண்டி கீழே தங்கும். அதனால் கடைந்த கையோடு ஊற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

கொலைகாரிக்குத் தேவையானது எல்லாம் இந்தக் கூஜாவிலேயே இருக்கிறது. வேலைக்காரி வேடத்தில் வீட்டுக்குள் வந்தவள் பழைய பகையைத் தீர்க்கக் கூஜாவில் வெள்ளைப் பாஷாணத்தைப் போடுகிறாள். பாஷாணத்துக்குச் சுவை கிடையாது, தண்ணீரில் எளிதில் கரையாது. மண்டி உள்ள பானம் என்றால் நறநறப்போடு நறநறப்பாக மறைந்துவிடும். உடலுக்குள் போன பாஷாணத்தை உறுதியாகக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836-இல்தான் வந்தது. அதனால் 1814-இன் துப்பறிவாளனுக்குக் கிடைத்த ஒரே தடயம் கோப்பையின் அடிமண்டி. தமிழாக்கத்தில் அவன் கோப்பையைச் சாய்த்து 'காவிக்கண்டின் துகள்களை' ஆராய்கிறான். மிட்டாய்த் துகள் கோப்பைக்குள் எதற்கு வந்தது, அதில் விஷம் எப்படித் தங்கியது, வாசகனுக்கு ஒன்றும் புரியாது. ஆசிரியர் முதல் அத்தியாயத்திலிருந்து கட்டி வந்த முடிச்சு ஒரே சொல்லில் அவிழ்ந்து போயிற்று.

சரி, இன்றைய கட்டிச் சாக்லேட்டுக்காவது இந்தச் சொல் பொருந்துகிறதா? காவி என்றால் செம்மண் நிறம். சாமியார் வேட்டிக்கும் கோயில் மதில் பட்டைக்கும் உள்ள நிறம். கறுத்த பழுப்பை யார் காவி என்று சொன்னார்கள்? சாக்லேட் நிறத்தில் ஒரு சேலை கேட்பவரிடம் காவிச் சேலையை எடுத்துப் போட்டால் கடைக்காரர் பாடு என்ன ஆகும்! அப்புறம் வெள்ளைச் சாக்லேட் இருக்கிறது. அதை 'வெள்ளைக் காவிக்கண்டு' என்று கூச்சப்படாமல் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கண்டு அதைவிட மோசம். கற்கண்டு தெரியும், பாகு இறுகி உறைந்த சர்க்கரை. சாக்லேட்டின் அடிப்படை கொக்கோ. சர்க்கரை அதில் கூடலாம், குறையலாம், இல்லாமலும் போகலாம். கொக்கோ இல்லாவிட்டால் அது வெறும் மிட்டாய். இந்தப் பெயரில் நிறம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, சரக்கு மட்டும் இல்லை. 'கண்டு' வடமொழிக் 'கண்ட'த்தோடு தொடர்புடையதா என்று கேட்டால் தூய்மைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆங்கிலேயரின் 'கேண்டி'யும் அந்த வடசொல்லின் வழியில் வந்ததாகத்தான் அகராதிகள் சொல்கின்றன. அயற்சொல்லைத் துரத்திவிட்டு அதன் ஒன்றுவிட்ட தம்பியைக் கூட்டி வந்தாயிற்று.

இன்னொரு பட்டியலில் 'இன்னட்டு' என்று போட்டிருக்கிறது. 'இன்' இனிமை என்று தெரிகிறது. இனிப்பான எல்லாவற்றுக்கும்தான் அது பொருந்தும். மற்றபடி இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் வாயில் 'அட்டு' என்றால் என்ன என்பதைச் சொல் ஆக்கியவர் ஒரு பேருந்தில் ஏறிக் கேட்டிருக்கலாம்.

நான் புதுச்சொல்லுக்கு எதிரி இல்லை. பேருந்து நிலைத்தது, மிதிவண்டி நிலைத்தது; இரண்டையும் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். ஆனால் பொருளைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிற பழக்கம் நம்முடையது அல்ல. அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த காய் காரமாக இருந்தது, மிளகுக்குப் பதிலாக உதவியது, மிளகாய் என்றார்கள். அதே அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு சரக்கு உருண்டையாக மண்ணுக்குள் விளைந்தது, உருளைக்கிழங்கு ஆயிற்று. அதைச் செய்தவர்கள் சமைத்துச் சாப்பிட்டவர்கள். காவிக்கண்டைச் செய்தவர் கடை உறையைப் பார்த்துச் செய்தது போலத்தான் தெரிகிறது.

இதே மொழிபெயர்ப்பில் வேறு வேடிக்கைகளும் உண்டு. பிரபு வீட்டு ஃபுட்மேனைக் 'காலாள்' ஆக்கியிருக்கிறார். காலாள் படைவீரன்; ஃபுட்மேன் சீருடை போட்டுக் கதவு திறக்கிற, வண்டியின் பின்னால் நிற்கிற ஏவலாள். விருந்துக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் காலாட்கள் சூப் பரிமாறுகிறார்கள். நெப்போலியன் அந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்பது விளங்கிவிட்டது. முகமூடி விருந்தில் கதாநாயகன் 'டாமினோ' அணிந்து வருகிறான் என்று அப்படியே விட்டிருக்கிறார். அது ஆளையே மறைக்கிற முக்காட்டு அங்கி. மாறுவேடமே கதையின் உயிர் என்கிறபோது, அந்த அங்கிக்குள் யார் என்பதில்தான் பழி வாங்கும் கதை நிற்கிறது. வாசகனோ புள்ளி வைத்த சில்லுகளை மாலையாகப் போட்டுக்கொண்டு ஒருவன் வருவதாக நினைப்பான்.

ரீஜென்சி 'அரசப் பிரதிநிதி காலம்' ஆகியிருக்கிறது. அரசப் பிரதிநிதி என்றால் நமக்கு வைசிராய் நினைவுதான் வரும். அங்கே நடந்தது வேறு. மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஆள முடியாமல் போனதால், அவர் உயிரோடு இருக்கும்போதே மகன் அவர் இடத்தில் ஆண்டார். பேரனுக்கு வயது வரும்வரை மதுரையை ராணி மங்கம்மாள் ஆண்டாரே, அந்த வகை. 'பதிலாட்சிக் காலம்' என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

சாக்லேட்டுக்கு வருகிறேன். கடிக்கிற கட்டிக்குச் சாக்லேட் என்ற சொல்லே போதும். ஈழத்தில் 'சொக்லேட்' என்று எழுதுகிறார்கள், அதுவும் சரி. தமிழ்நாட்டில் புளிப்பு மிட்டாய்க்கும் சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் தருகிற டாஃபிக்கும்கூட அந்தப் பெயர்தான் என்பது தனிச் சிக்கல். ஆனால் அந்தப் பொருள் விரிவே சொல் நமதாகிவிட்டதற்குச் சாட்சி.

1847-க்கு முந்தைய கதை என்றால் 'சாக்லேட் குடித்தாள்' என்று எழுதுவதும் உறுத்தும். கையில் கட்டி இருப்பது போலவே தோன்றும். அங்கே 'கொக்கோநீர்' என்று எழுதலாம் என்பது என் கட்சி. நம்மிடம் தேநீர் இருக்கிறது. 'தே' சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்த சொல், 'நீர்' நம்முடையது. ஒட்டவைத்த தடம்கூடத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி என்பார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி முடிவு செய்ததில்லை. காப்பிக்கு ஆக்கிய 'குளம்பி' மேடையைத் தாண்டி எந்த அடுப்படிக்கும் போகாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கொக்கோநீர் தேநீரின் வழியில் நடக்கிறது. ஆஸ்டெக் மக்கள் அந்தப் பானத்துக்கு வைத்திருந்த இன்னொரு பெயரின் பொருளும் 'கொக்கோ நீர்' என்பதே.

பாலில் கலக்கினால் அது எப்படி நீர் ஆகும் என்று ஒரு நண்பர் மடக்கினார். அவர் தினமும் குடிக்கிற தேநீரில் பாதிக்கு மேல் பால்.