கராத்தே கிளாஸில் சேர்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

போன வருஷம் ஜூன் மாதம், மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்த ஓர் அம்மா பத்து வயது மகளோடு என் வகுப்புக்கு வந்தார். பிள்ளையின் இடுப்பில் பிரவுன் பெல்ட். "ரெண்டு வருஷம்தான் ஆச்சு மாஸ்டர், இன்னும் ஒரே எக்ஸாம், பிளாக் பெல்ட்" என்றார். குரலில் பெருமை.

"எந்த ஸ்டைல்மா?" என்று பிள்ளையிடம் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா என்னைப் பார்த்தார். சரி, தெரிந்த கட்டா (குத்து, தடுப்பு, உதையை வரிசையாகச் செய்து காட்டும் பயிற்சி) ஒன்று செய் என்றேன். ஹெய்யான் ஷோதான் செய்தாள். ஷோட்டோகான் என்ற கராத்தே ஸ்டைலில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் கட்டா, மொத்தம் 21 அசைவு. பாதியில் நின்றுவிட்டாள். அது பரவாயில்லை, புது இடத்தில் யாருக்கும் மறக்கும். ஆனால் ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்கு இழுபட வேண்டும். அவளுக்கு அது காற்றில் தொங்கியது. முன்கால் முட்டி உள்பக்கம் சரிந்தது. "கையால இப்படித் தடுக்கிறியே, இது எதுக்கு?" என்றேன். "தெரியாது மாஸ்டர். அவர் எண்ணுவார், நாங்க செய்வோம்."

பிள்ளை மேல் தப்பே இல்லை. அவள் முன்பு படித்த இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் எக்ஸாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், ஒருவர்கூட ஃபெயில் ஆனதில்லை. ஃபெயிலே இல்லாத எக்ஸாமுக்கு வேறு பெயர் இருக்கிறது, வசூல்.

இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். "எத்தனை மாசத்துல பிளாக் பெல்ட்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. "ஒரு நாள் உட்கார்ந்து கிளாஸைப் பார்க்கலாமா?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெல்ட் ஒன்றும் ஆதி காலத்துச் சமாச்சாரம் இல்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880களில் கொண்டுவந்த டான் முறையை (பிளாக் பெல்ட்டின் படிநிலைகள்), ஓகினாவா தீவிலிருந்து டோக்கியோ வந்த கராத்தே மாஸ்டர் ஃபுனாகோஷி 1924இல் கராத்தேக்கு எடுத்துக்கொண்டார். கொடுப்பவருக்கு என்ன மதிப்போ அதுதான் பெல்ட்டுக்கும். டேக்வாண்டோவில் இதைச் சரிபார்ப்பது சுலபம். சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் தரும் டான் சான்றிதழுக்கு எண் உண்டு, அதை வைத்துத் தேடிப் பார்க்கலாம். 15 வயதுக்குக் கீழே என்றால் அங்கே டான் கிடையாது, சிறுவர்களுக்கான பூம் என்ற படிநிலைதான். முதல் டானிலிருந்து ஒன்பதாவதுக்கு வழக்கமான காத்திருப்பைக் கூட்டினால் 38 வருஷம் வரும். முப்பத்தைந்து வயதில் "9வது டான் கிராண்ட் மாஸ்டர்" என்று ஃபிளெக்ஸ் அடித்திருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கராத்தேக்கு அப்படி ஒரே அலுவலகம் இல்லை, அதனால்தான் இவ்வளவு குழப்பம். ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று பெரிய ஸ்டைல்கள் நான்கு. உங்கள் மாஸ்டர் எதில், யாரிடம் படித்தார், அவர் யாரிடம் படித்தார் என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார்.

"அரசு பதிவு பெற்றது" என்ற வரியில் மயங்காதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பெயரில் 'இன்டர்நேஷனல்' இருப்பதால் யாருக்கும் குத்தத் தெரிந்துவிடாது. கல்யாண மண்டபத்தில் நடக்கும் 'நேஷனல்' போட்டிகளும் அப்படித்தான். தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று, வெண்கலம் இரண்டு. ஒரு பிரிவில் நாலே பேரைப் போட்டால் வந்த எல்லோருக்கும் மெடல்! ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்கும் என்று சொன்னால், அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

உலக சாதனை நிகழ்ச்சி பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வயிற்றின் மேல் பைக், கையில் நெருப்பு, அடுக்கி வைத்த ஓடு. ஓடுகளுக்கு நடுவே துண்டுக் குச்சி வைத்து இடைவெளி விட்டால் ஒவ்வொன்றாக உடையும், மொத்தக் கனமும் கையில் ஏறாது. பார்ப்பவருக்கு அது தெரியாது. நானும் ஆரம்ப காலத்தில் ஆண்டுவிழா மேடையில் பிள்ளைகளை ஓடு உடைக்க வைத்தவன்தான். ஒரு பையனுக்கு மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. அதோடு விட்டேன்.

உட்கார்ந்து பார்க்கும்போது சுவரில் தொங்கும் ஷீல்டுகளை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். வெறும் சிமென்ட்டில் ஏழு வயதுப் பிள்ளைகள் முஷ்டியில் தண்டால் எடுக்கிறார்களா? கால் விரித்து உட்காரும் ஸ்ப்ளிட் வரவில்லை என்று மாஸ்டர் தொடையில் ஏறி மிதிக்கிறாரா? ஸ்பாரிங்கில், அதாவது ஜோடியாக மோதும் பயிற்சியில், கிளவுஸ், ஹெட்கார்டு, பல்லைக் காக்கும் கம் ஷீல்டு இருக்கிறதா? தலையில் அடி வாங்கிய பிள்ளையை உட்கார வைக்கிறாரா, "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்கிறாரா? முன்வரிசையில் நன்றாகச் செய்யும் நாலு பேரை யாரும் ரசிப்பார்கள். நீங்கள் கடைசி வரிசையில் குண்டாக, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் பையனைப் பாருங்கள். மாஸ்டர் ஒரு மணி நேரத்தில் அவனிடம் எத்தனை முறை போனார், என்ன சொன்னார், கையில் பிரம்பு இருந்ததா.

இன்னொன்று, சங்கடமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டான்ஸ், அதாவது நிற்கும் நிலை, திருத்த உடம்பைத் தொட வேண்டிய கலை இது. தோளிலும் முழங்கையிலும் விரலால் தொட்டுக் காட்டினால் போதும், மீதியை நானே செய்து காட்டலாம். கதவைச் சாத்திய தனி வகுப்பு, பிள்ளையின் நம்பருக்கு நேராக வரும் வாட்ஸ்அப், "பேரன்ட்ஸ் உள்ளே வரக்கூடாது" என்ற போர்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டிய ஃபீஸைப் பற்றி யோசிக்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. "மாஸ்டர் மானம் போயிடும்" என்று ஊரில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

இதெல்லாம் என் வகுப்புக்கும் பொருந்தும். சொல்லாமல் வாருங்கள், பின்னால் நாற்காலி கிடக்கிறது.

அந்தப் பிள்ளை வெள்ளை பெல்ட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள். முதல் மாதம் அழுதாள். இப்போது ஆரஞ்சு. போன எக்ஸாமில் அவளை ஃபெயில் பண்ணினேன், முட்டி இன்னும் உள்ளே சரிகிறது. அம்மா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "அடுத்த எக்ஸாம் எப்போ மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.