அமெரிக்கக் கவுண்டிகளில் பயிர் மானியம்: யாருக்கு, எந்தக் கணக்கில்?

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றில் விவசாயியின் கணக்கில் வரவாகும் பயிர் மானியம், அந்த ஆண்டு அவருடைய வயலில் என்ன விளைந்தது என்பதைப் பார்த்து வழங்கப்படுவதில்லை. நிலத்தின் பேரில் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவான 'அடிப்படை ஏக்கர்' என்ற கணக்கே அதற்கு ஆதாரம். மக்காச்சோளத்துக்கான அடிப்படை ஏக்கர் உள்ள நிலத்தில் இன்று சோயா விதைத்திருந்தாலும், மக்காச்சோளத்தின் விலையோ வருவாயோ சரிந்தால்தான் அந்த ஏக்கருக்குப் பணம் வரும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் தாமாகவே விளங்கும்.

2014ஆம் ஆண்டு வேளாண் சட்டம், விலை எப்படி இருந்தாலும் ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வந்த நேரடித் தொகையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. முதலாவது பி.எல்.சி. எனப்படும் விலை இழப்புத் திட்டம். நாடு தழுவிய சராசரிச் சந்தை விலை, சட்டம் வகுத்த ஆதார விலைக்குக் கீழே இறங்கினால் இத்திட்டத்தில் பணம் கிடைக்கும். 2025ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஆதார விலையை மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு) 3.70 டாலரிலிருந்து 4.10 டாலராகவும், கோதுமைக்கு 5.50 டாலரிலிருந்து 6.35 டாலராகவும் உயர்த்தியது. ஒருவரிடம் 100 அடிப்படை ஏக்கர் இருக்கிறது, அதற்குப் பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், ஆதார விலையைவிடச் சந்தை விலை புஷலுக்கு 30 சென்ட் (0.30 டாலர்) குறைவு என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை ஏக்கரில் 85 விழுக்காட்டுக்கு மட்டுமே தொகை உண்டு என்பதால், 85 ஏக்கரை 150 புஷலாலும் 30 சென்ட்டாலும் பெருக்க, 3,825 டாலர் வருகிறது. இத்தொகை உடனே கைக்கு வராது. அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபர் மாதத்துக்குப் பிறகே வழங்கப்படும்.

இரண்டாவது, ஏ.ஆர்.சி. எனப்படும் வருவாய் இழப்புத் திட்டம். இதன் கவுண்டி வகை, விலையோடு கவுண்டியின் சராசரி விளைச்சலையும் சேர்த்து வருவாயாகக் கணக்கிடுகிறது. அந்த வருவாய் முந்தைய ஐந்தாண்டுத் தரவில் மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் நீக்கி எடுத்த சராசரியில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஈடு கிடைக்கும்; 2025க்கு முன் இந்த வரம்பு 86 விழுக்காடாக இருந்தது. இதில் தனி விவசாயியின் இழப்பு கணக்கில் வராது. ஆலங்கட்டி மழையில் ஒருவருடைய பயிர் முழுவதும் அழிந்தாலும், கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்திருந்தால் அவருக்கு ஒன்றும் வராது. எல்லைக்கு அப்பால் உள்ள பக்கத்துக் கவுண்டிக்குப் பணம் வந்திருக்க, இந்தக் கவுண்டிக்கு வராமல் போவதும் இதனால்தான். தனிப்பட்ட இழப்பை ஈடுகட்டுவதற்கென்று பயிர்க் காப்பீடு தனியாக இருக்கிறது. அதன் பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது.

விண்ணப்பமும் நிலப்பரப்பு அறிக்கையும் வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமையான எஃப்.எஸ்.ஏ.வின் கவுண்டி அலுவலகத்தில் தரப்பட வேண்டும். எந்த வயலில் எத்தனை ஏக்கர், என்ன பயிர், என்றைக்கு விதைத்தது என்பதை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். வசந்தகாலப் பயிர்களுக்குப் பல மாநிலங்களில் ஜூலை 15 கடைசி நாள். எளிதில் மண் அரிக்கும் நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் காக்கும் விதிகளுக்கு உட்படுவதாகவும் உறுதி தர வேண்டும். அலுவலகத்தை மேற்பார்வையிடும் குழுவை அந்தப் பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒருவருக்கு இவ்விரு திட்டங்களிலும் சேர்த்து ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய தொகையின் வரம்பை 2025ஆம் ஆண்டுச் சட்டம் 1,55,000 டாலராக உயர்த்தியது. முன்பு இந்த வரம்பு 1,25,000 டாலராக இருந்தது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டியவருக்குத் தகுதி இல்லை. பயிர்க் காப்பீட்டு மானியத்துக்கு இந்த இரண்டு வரம்புகளும் கிடையாது என்பதால், பெரிய பண்ணைகளுக்கே அதன் பலன் அதிகம் போய்ச் சேருகிறது. இது நியாயமாக எனக்குப் படவில்லை.

குத்தகை நிலத்தில் யாருக்குப் பணம் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ரொக்கக் குத்தகை என்றால் தொகை பயிரிடுபவருக்கு. விளைச்சலைப் பங்கிடும் பங்குக் குத்தகை என்றால் அதே விகிதத்தில் இருவருக்கும். ஆனால் மானியம் வரும் என்று தெரிந்த நிலத்துக்கு உரிமையாளர் குத்தகையை உயர்த்தக் கூடுமென்பதால், காகிதத்தில் உழுபவருக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி நில உரிமையாளரிடம் போய்விடுகிறது. புதிதாகக் குத்தகை எடுப்பவர், அந்த நிலத்தில் எந்தப் பயிருக்கு எத்தனை அடிப்படை ஏக்கர் பதிவாகியுள்ளது என்பதைக் கவுண்டி அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே குத்தகைத் தொகையைப் பேச வேண்டும்.