மாடல்: சுற்று வரையும் மென்பொருளில் இதற்கு என்ன பொருள்?

எல்டிஸ்பைஸ் போன்ற மென்பொருளில் ஒரு மின்சுற்றை வரைந்து கணினியிலேயே ஓடவிட்டால், சில நேரம் ‘மாடல் கிடைக்கவில்லை’ என்று முரண்டு பிடிக்கும். மின்னோட்டத்தை ஒரு திசையில் விடும் டையோடுதான் திரையில் தெரிகிறதே, வேறென்ன வேண்டும்? திரையில் இருப்பது குறியீடு மட்டும். எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்ற கணக்கும், அதற்கு வேண்டிய எண்களும் சேர்ந்ததுதான் மாடல்.

லத்தீனில் ‘மோடஸ்’ என்றால் அளவு, முறை. ‘மோடுலஸ்’ என்றால் சிறிய அளவை. அது இத்தாலியில் ‘மொடெல்லோ’ ஆனது. பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, கட்டடம் எழுப்புமுன் செய்துபார்க்கும் சிற்றுருவைக் குறித்தது. உருவத்தைக் காட்டிய சொல், அறிவியலுக்குள் வந்தபின் நடத்தையைக் காட்டத் தொடங்கியது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நாகெல், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் உருவாக்கி 1973-இல் வெளியுலகுக்குக் காட்டிய நிரல்தான், எல்டிஸ்பைஸின் பெயரிலும் ஒட்டியிருக்கும் ஸ்பைஸ். அதற்கு முந்தைய நிரலின் பெயர் ‘கேன்சர்’! முதலெழுத்துகளைக் கூட்டி வந்த பெயர் அது. விரிவில் ‘கதிர்வீச்சு நீங்கலாக’ என்றொரு பகுதியும் உண்டு. அந்நாளில் துளையிட்ட அட்டைகளில்தான் நிரலுக்கு உள்ளீடு தருவார்கள். அதனால் மாடல் எழுதும் வரியை இன்றும் ‘மாடல் கார்டு’ என்கிறார்கள், அட்டை போய் எத்தனையோ காலமான பிறகும்.

கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 1என்4148 டையோடையே எடுத்துக்கொள்வோம். புழக்கத்தில் உள்ள ஒரு மாடலில் ஐஎஸ் (தெவிட்டு மின்னோட்டம்) 2.52 நானோ ஆம்பியர், ‘என்’ (இலட்சிய டையோடிலிருந்து விலகலைக் காட்டும் எண்) 1.752, ஆர்எஸ் (டையோடுக்குள் தொடராக உள்ள மின்தடை) 0.568 ஓம். 27 டிகிரி செல்சியஸில் இவற்றை, டையோடின் வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் இணைக்கும் ஷாக்லி சமன்பாட்டில் போட்டால், 1 மில்லி ஆம்பியருக்குச் சுமார் 0.58 வோல்ட், 10 மில்லி ஆம்பியருக்குச் சுமார் 0.69 வோல்ட் வருகிறது. நாமே மாடல் எழுதுவதென்றால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் மின்னோட்ட அச்சு மடக்கை அளவில் உள்ள வரைபடத்தைப் பார்த்து, மின்னோட்டம் குறைவாக உள்ள நேர்கோட்டுப் பகுதியில் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டின் சாய்விலிருந்து ‘என்’ கிடைக்கும். அதையே பூச்சிய வோல்ட் வரை நீட்டினால் ஐஎஸ். மேலே கோடு வளையத் தொடங்கும் இடம் ஆர்எஸ்ஸைக் காட்டிக்கொடுக்கும்.

எழுதாமல் விட்டது மென்பொருளுக்குத் தெரியாது. முறிவு மின்னழுத்தத்தைக் குறிக்கும் பிவி என்ற எண்ணைக் கொடுக்காவிட்டால், அதை முடிவிலி என்றே ஸ்பைஸ் எடுத்துக்கொள்ளும். 100 வோல்ட் தாங்கும் டையோடுக்குத் தலைகீழாக 500 வோல்ட் கொடுத்தாலும் திரையில் ஒன்றும் ஆகாது. மேசைமேல் புகை வரும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘போர் அணு மாதிரி’ என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ‘மாதிரி’ போதுமே என்பார்கள். பொதுப் பேச்சுக்குப் போதும். ஆனால் சிக்னலிலிருந்து இடைவெளி விட்டு மதிப்பெடுக்கும் சாம்பிளும் எலெக்ட்ரானிக்ஸில் மாதிரிதான். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் வாசிப்பவர் திணறுவார். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘மாதிரியுரு’ இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. ஐஎஸ், ‘என்’ போன்ற பராமீட்டருக்கு ஏற்கெனவே ‘அளவுரு’ இருப்பதால், ‘மாதிரியுருவின் அளவுருக்கள்’ என்று இயல்பாகவும் எழுதலாம். சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனுக்கு ‘ஒப்புருவாக்கம்’ பொருந்தும். ‘படிமம்’ வேண்டாம்; அது கவிதைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பல உறுப்புகள் உள்ள சில்லுக்கு எழுதும் ‘மேக்ரோ மாடல்’ என்பதைப் ‘பெருமாதிரி’ என்று பெயர்த்தால் பொருளே கவிழ்ந்துவிடும், ஏனென்றால் அது உண்மையில் சுருக்கம். சிக்னலைப் பெருக்கும் சில்லான 741 ஆப்-ஆம்புக்கு 1974-இல் வெளியான மேக்ரோ மாடலில் நுழைவாயில் டிரான்சிஸ்டர்கள் இரண்டு மட்டும் மிஞ்சின. மற்றவை இருந்த இடத்தில், சுற்றின் வேறொரு வோல்ட்டையோ மின்னோட்டத்தையோ பொறுத்து மாறும் கட்டுப்படுத்தப்பட்ட மூலங்களும் டையோடுகளும் மின்தடை, மின்தேக்கிகளும் வந்து உட்கார்ந்தன. வெளிமுனைகளில் தெரியும் நடத்தை ஏறக்குறைய மாறவில்லை. அதனால் ‘வெளிநடத்தை மாதிரியுரு’ என்றே சொல்லலாம்.