தலைசுற்றலுக்குப் போடும் மாத்திரை அட்டையை முதலில் படியுங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இடுப்பெலும்பு முறிவுகள் வரிசை கட்டும். பாசி பிடித்த வாசற்படி, ஈரக் குளியலறை, ராத்திரி கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவிலுள்ள பத்தடி தூரம். விழும் இடங்கள் மாறுவதே இல்லை. கால் வழுக்கிவிட்டது என்பார்கள் வீட்டில். அறுவை சிகிச்சை முடிந்து நடைப்பயிற்சிக்கு வரும்போது மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தால், பார்க்கின்சன் மாத்திரையோடு இன்னொரு அட்டையும் விழும். “அது தலசுத்தலுக்குங்க. ரெண்டு வருசமா போடுறாரு. மெடிக்கல்ல அட்டையக் காட்டினா குடுத்துடுவாங்க.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன். நான் இயன்முறை மருத்துவர், நீங்கள் சொல்கிற பிசியோ. பார்க்கின்சன், சிறுமூளையில் வந்த பக்கவாதம், எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பின் மேலுறை சிதையும் நோய்), சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போனவர்கள் என்று நடையும் நிதானமும் தவறியவர்களோடுதான் எங்கள் அன்றாட வேலை. இவர்களில் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், மேற்கொண்டு படிக்கும் முன் அந்த அட்டையை எடுத்து வாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

சின்னரிசின், புளூனரிசின், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு. இந்த நான்கில் ஒன்று இருந்து, நோயாளிக்குப் பார்க்கின்சனும் இருந்தால், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அட்டையைக் காட்ட வேண்டும். பார்க்கின்சன் என்பதே மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் குறைந்துபோவது. அதை ஈடுகட்டத்தான் லெவோடோபா மாத்திரை கொடுக்கிறார்கள். மேலே சொன்ன மருந்துகளோ டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்பவை. காலையில் ஊற்றுகிற தண்ணீரை மாலையில் மடை உடைத்து விடுவது மாதிரி. கால் இழுக்கிறது, உடம்பு இறுகுகிறது, நடை குறுகுகிறது. நோய் முற்றிவிட்டதென்று லெவோடோபா அளவு கூடும். அது கூடினால் நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். மறுபடி தலைசுற்றல், மறுபடி அதே மாத்திரை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பார்க்கின்சனே இல்லாத முதியவருக்கும் இந்த மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுத்தால் நடுக்கமும் இறுக்கமும் வரலாம். பார்த்தால் அசல் பார்க்கின்சன் போலவே இருக்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் அது வடிய மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு முழுதாக வடிவதில்லை. ஆகவே புதிதாக நடுக்கம் கண்டவரை மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது, கடந்த ஓராண்டில் போட்ட எல்லா அட்டையையும் கொண்டுபோங்கள். ‘அது சும்மா தலசுத்தல் மாத்திரை’ என்று வீட்டிலேயே விட்டுப் போகாதீர்கள்.

பீட்டாஹிஸ்டின் போடுகிறவர்கள் நாம் தப்பித்தோம் என்று நினைப்பார்கள். அது டோபமைனில் கை வைப்பதில்லை, உண்மை. ஆனால் அது உட்காதுக் கோளாறுக்கான மருந்து. எழுந்து நின்றால் பிரஷர் விழுகிற ஆளுக்கு அதனால் காலணா பிரயோசனம் இல்லை.

சரி, பக்கவாதம் வந்தவருக்கு? வாந்தியும் சுழற்சியுமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரை தேவைப்படும், மறுக்கவில்லை. அதன் பிறகும் தொடர்ந்தால், மூளை புதிதாக நிதானம் பழகுவதை அந்த மாத்திரையே தடுக்கும். தலையை அசைத்து, தடுமாறி, தடுமாற்றத்தைச் சரிசெய்துதான் மூளை பழகும். மாத்திரையும் போட்டுப் படுத்தும் கிடந்தால் பழக எதுவுமே இல்லை. மூன்று மாதம் படுக்கவைத்துவிட்டு, “அப்பாவுக்கு இன்னும் சுத்துதுங்க, நல்லா ரெஸ்ட் குடுத்துத்தான் பாத்துக்கறோம்” என்று பிள்ளைகள் சொல்லும்போது என்ன சொல்வது? அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ரெஸ்ட்டில் தொடைச் சதை கரைந்து, சுற்றலோடு பலவீனமும் சேர்ந்துகொள்கிறது.

நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான். முக்கியமாக, லெவோடோபாவையோ பிரஷர் மாத்திரையையோ நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் போகும் முன் வீட்டிலேயே ஒன்றைக் கண்டுபிடிக்கலாம்: சுற்றல் எப்போது வருகிறது? படுக்கையில் புரண்டால் அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் உட்காதில் துகள் இடம் மாறியதால் வருவது. பார்க்கின்சன் உள்ளவருக்கும் வரும். தலையை முறைப்படி திருப்பிப் படுக்கவைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். மாத்திரை வேண்டியதில்லை.

எழுந்து நின்றதும் கண் இருட்டி, பிடரியும் தோளும் இழுத்து வலித்து, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறதா? பிரஷரை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். உட்காரவைத்து ஒரு தடவை பார்த்து “நார்மல்” என்று அனுப்பினால் இது பிடிபடாது. மேற்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி போதும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாம் நிமிடம் ஒரு முறை, மூன்றாம் நிமிடம் ஒரு முறை. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் அதுதான். காலையில் எழுந்ததும், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்தும், மதியச் சாப்பாடு முடிந்தும் என மூன்று நாள் எழுதி வையுங்கள். அந்த ஒரு தாளை வைத்து மருத்துவர் முடிவெடுப்பார். புராஸ்டேட் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை போட்டால் அதையும் தாளில் எழுதுங்கள், இரண்டுமே பிரஷரை இறக்கக்கூடும்.

சுற்றலே இல்லை, ஆனால் கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, இருட்டில் தடுமாறுகிறது என்றால் பாதத்து நரம்பைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, பி12 இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை.

இங்கே எல்லோரும் சொல்லும் இன்னொன்று: “மலைக் காத்துதாங்க ஒத்துக்கல, கீழ மேட்டுப்பாளையம் போயிட்டா சரியாயிடும்.” ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் அதைவிடத் தாழ்வு. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே, அதுவும் புதிதாக ஏறி வந்தவர்களுக்கு. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு எழுபது வயதில் திடீரென்று மலை ஒத்துக்கொள்ளாமல் போகாது. கீழே போனால் வெயிலில் ரத்தக் குழாய் விரிந்து, நிற்கும்போது பிரஷர் இன்னும்தான் இறங்கும். எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பு சூடேறினாலே பார்வையும் நடையும் மங்கும். சித்திரை, வைகாசியில் அவர்களைச் சமவெளிக் கல்யாணங்களுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மலை செய்யும் கெடுதல் வேறு. குளிரில் தாகம் தெரியாது. நாள் முழுக்க நாலு டீ, சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் உள்ளே போகிறது. ராத்திரி எழ வேண்டுமே என்று அதையும் குறைப்பவர்கள் உண்டு. இதயமோ சிறுநீரகமோ பழுதில்லையென்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். பெரும்பகுதியை மாலை ஆறுக்குள் குடித்துவிடுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு டம்ளர், 400 முதல் 500 மில்லி, மூன்று நான்கு நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். பிரஷர் விழுகிறவர்களுக்கு இது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கைகொடுக்கும். பிறகு கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை இருபது தடவை ஆட்டி, கையை இறுக்கிப் பிடித்து விட்டு, எழுங்கள். நிற்கும்போது இருட்டினால் ஒரு பிடிமானத்தோடு காலைக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்குங்கள். அப்போதும் தெளியவில்லையா, நின்ற இடத்திலேயே உட்காருங்கள். கூச்சப்பட்டுச் சமாளிக்காதீர்கள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் ஆறங்குல உயரம் கொடுங்கள், அசையாத மரக்கட்டையாக இருக்கட்டும். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது, அது கழுத்தைத்தான் வளைக்கும். எழுந்து நின்றால் பிரஷர் விழுகிறவர்களுக்குப் படுத்திருக்கும்போது அது ஏறிவிடுவதும் உண்டு. ஆகவே பகலில் சோர்ந்தால் சாய்வு நாற்காலிதான், கட்டில் கூடாது.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல் வேண்டாம். குளிருக்கு இதமாகத்தான் இருக்கும். ஆவி நிறைந்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு டக்கென்று எழும்போதுதான் விழுகிறார்கள். முதுகு சாய்க்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, உட்கார்ந்தபடியே துவட்டிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போடாதீர்கள். ஆண்களும் ராத்திரியில் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். கட்டிலருகே ஒரு யூரின் கேன் வைத்தால் இன்னும் நல்லது.

இனி பயிற்சி. பார்க்கின்சன் உள்ளவர் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் செய்ய வேண்டும், போட்டு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. அறை மூலையில் முதுகைக் காட்டி நின்று, முன்னால் கனமான நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுவரோ நாற்காலியோ தாங்கும். பாதம் இரண்டையும் சேர்த்து முப்பது வினாடி. அது கைவந்தால் ஒரு பாதத்தைப் பாதி முன்னால் வைத்து முப்பது வினாடி. பிறகு ஒன்றன் முன் ஒன்று. கண்ணை மூடுவது கடைசி, அதுவும் பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு தலை திருப்பினால் சுற்றுகிறவர்கள், ஒரு தாளில் ‘அ’ என்று எழுதிக் கண் உயரத்தில் சுவரில் ஒட்டி, எழுத்தை விட்டுக் கண் எடுக்காமல் தலையை இடமும் வலமும் சின்னதாக அசையுங்கள். முப்பது வினாடியில் தொடங்கி ஒரு நிமிடம் வரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கழுத்தெலும்புப் பிரச்சினை இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செய்யும்போது கொஞ்சம் சுற்றும், சுற்றத்தான் வேண்டும். இருபது நிமிடத்துக்குள் அடங்கினால் அளவு சரி. மதியம் வரை நீடித்தால் வேகத்தைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பலரும் இந்த இடத்தில்தான் பயந்து விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

பார்க்கின்சன் உள்ளவர்கள் நின்ற இடத்தில் குதிகாலைச் சுழற்றித் திரும்பக் கூடாது. நாலைந்து எட்டு வைத்து வளைந்து வந்து திரும்புங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று வீட்டாருக்கும் சொல்கிறேன். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டால் பின்னாலிருந்து தள்ளாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிற்கவிட்டு, “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிக்கொடுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, மழைக்கு முன்பே படியில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பாசியை எடுங்கள். படி விளிம்பில் இரண்டங்குல மஞ்சள் பட்டை அடியுங்கள், மூடுபனியிலும் தெரியும். கைப்பிடிக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், கடைசிப் படியையும் தாண்டி ஓரடி நீள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கடைசிப் படிக்கு முன்பே பைப் முடிந்துவிடுகிறது, அந்தப் படியில்தான் விழுகிறார்கள். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையில் கம்பளி சாக்ஸ் மட்டும் போட்டு நடப்பது சறுக்குவதற்கு என்றே செய்வது போல. ரப்பர் அடி உள்ள, குதிகாலைப் பிடிக்கும் செருப்போ கேன்வாஸ் ஷூவோ போடுங்கள்.

குடை ஊன்றுகோல் ஆகாது! எத்தனை முறை சொன்னாலும் இந்த மலையில் குடையை ஊன்றித்தான் நடக்கிறார்கள். அதன் முனை ஈரத்தில் பிடிக்காது, கம்பி எடையைத் தாங்காது. கைத்தடி, செருப்போடு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும். அடியிலுள்ள ரப்பர் குப்பியின் வரிகள் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். பலவீனமான காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

பஸ் வளைவுகளுக்காகப் போடும் வாந்தி மாத்திரையில் புரோமெத்தசின் இருந்தால் பார்க்கின்சன் உள்ளவருக்கு அதுவும் ஆகாது. முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: காலையில் வீட்டில் எல்லோருக்குமே தலைவலியும் கிறுகிறுப்பும் என்றால் அது நரம்பு நோயில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் வைத்த கரி அடுப்பின் புகை. கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், அடுப்பு இனி அறைக்குள் வரக் கூடாது.

வெளியே வந்து நடக்க முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். கேட்காததாலேயே பலருக்குக் கிடைக்காமல் போகிறது.

பழகிய சுற்றல் வேறு, திடீரென்று வருவது வேறு. நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை, பார்வை இரண்டாகத் தெரிகிறது, பேச்சு குழறுகிறது, வாய் கோணுகிறது, இதுவரை வராத தலைவலி என்றால் 108. கை காலில் பலம் இருக்கிறதே, பக்கவாதம் இருக்காது என்று காத்திருக்காதீர்கள். சிறுமூளையில் அடைப்பு வந்தால் பலம் அப்படியே இருக்க, நிதானம் மட்டும் போகலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, மலை இறங்கும் நேரமும் அதில் அடக்கம்.

விழுந்துவிட்டால் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, இடுப்பில் வலித்தாலோ அசைக்காமல் போர்த்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வலியில்லை என்றால், பக்கவாட்டில் புரண்டு, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து அவராக எழட்டும். நீங்கள் நாற்காலியை அசையாமல் பிடித்தால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர் தலையில் அடிபட்டிருந்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.